ஆயாவின் படத்தில் சந்தனம் வைக்கும் முன்

பழைய வண்ணாரப்பேட்டையில் எண்ணெய் வண்ண ஓவியங்களைச் சீரமைத்துக் கொடுப்பது என் தொழில். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், வியாசர்பாடி எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து என்னிடம் வரும் படங்களில் பல ஒரே வகையைச் சேர்ந்தவை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, தொழுவத்தில் பசுவும் கன்றும், வாசலில் கோழிகள் கிளறும் ஓட்டு வீடு. பொன்னேரிப் பக்கமோ செய்யாறு பக்கமோ விட்டுவிட்டு வந்த ஊரை, மங்கிப்போன ஒரு போட்டோவைக் காட்டி, யாரோ ஓர் ஓவியரிடம் வரைந்து வாங்கியிருப்பார்கள். அந்த வீட்டை இடித்திருப்பார்கள், மாட்டை விற்றிருப்பார்கள். மிஞ்சியிருப்பது படம் மட்டுமே.

"பெரிய ஓவியர் வரைந்தது இல்லை சார், எங்கள் வீட்டு மாடுதான்" என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டே பிரிப்பார்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ரவி வர்மா 1893-இல் தன் மகளைக் கைக்குழந்தையோடு நிற்கவைத்து, பக்கத்தில் வீட்டு நாயையும் சேர்த்து வரைந்திருக்கிறார். வீட்டு மனிதர்களும் வீட்டு விலங்கும் எண்ணெய் வண்ணத்துக்கு ஏற்ற பொருள்தான்.

ஆனால் இந்தப் படங்கள் வந்து சேரும் நிலை மனதை வருத்துகிறது. வயதானதால் கெட்டவை குறைவு. வீட்டார் ஆசையோடு செய்த காரியங்களால் கெட்டவைதான் அதிகம்.

முதலில் சந்தனம். இறந்தவரின் படம் என்றால் அமாவாசைக்கு அமாவாசை நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதை நேராகக் கேன்வாஸின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். ஈரச் சந்தனம் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது அடியில் இருக்கும் வண்ணப் படலத்தையும் சேர்த்து இழுக்கும். அடுத்த முறை பழைய சந்தனத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். சில ஆண்டுகளில் நெற்றியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வண்ணம் பெயர்ந்து, கேன்வாஸின் நூலிழை வெளியே தெரியும். குங்குமம் வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்டால் முழுதாக எடுக்கவே முடியாது. அண்மையில் வந்த ஒரு படத்தில் ஆயாவின் மூக்குத்தி, காதோலை, புடவைக் கரை எல்லாம் வரைந்த அன்று இருந்ததுபோலவே பளிச்சென்று இருந்தன. புருவத்துக்கு மேல் மட்டும் ஒன்றுமே இல்லை.

வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. படத்துக்குக் கண்ணாடி போட்டு, கண்ணாடியின் மேல் பொட்டு வையுங்கள். கண்ணாடி வண்ணத்தில் படாதபடி, இடையில் மெல்லிய மரச்சீவல் வைத்து இடைவெளி விடும்படி சட்டம் போடுபவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஒட்டி வைத்தால் நாளடைவில் வண்ணம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். மாலையைச் சட்டத்தில் மாட்டாமல் சுவரில் தனி ஆணி அடித்துத் தொங்கவிடலாம். விளக்கும் கற்பூரமும் புகை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது போகிக்கு முந்தைய வாரம். வீட்டைச் சுத்தம் செய்யும் வேகத்தில் ஈரத்துணியால் படத்தையும் துடைத்துவிடுகிறார்கள். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் வேறு சுற்றுகின்றன. அந்த மாவுச்சத்து படத்திலேயே தங்கும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கு இரையாகும். தேங்காய் எண்ணெய் சில நாள் பளபளப்பைத் தந்துவிட்டு, அதன்பின் சாலையில் ஓடும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் அழுக்கோடு வார்னிஷையும், சில நேரம் வண்ணத்தையுமே கரைத்துவிடும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: வண்ணம் எங்கும் உதிரவில்லை என்று பார்த்துக்கொண்டு, மிக மென்மையான காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுவது. உதிர்கிறது என்றால் அதையும் செய்யாதீர்கள்.

வெள்ளைப் பசுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய படங்களில் மாட்டின் முதுகும் வயிறும் மட்டும் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்க்கிறேன். பெரும்பாலும் காரணம் துத்தநாக வெள்ளை என்ற வெள்ளை வண்ணம். எண்ணெயோடு சேர்ந்து நாளாக ஆக அது நொறுங்கும் தன்மை அடைகிறது. இப்போது புதிதாக வரையச் சொல்பவர்கள், வெள்ளைக்கு டைட்டானியம் வெள்ளையைப் பயன்படுத்தச் சொல்லி ஓவியரிடம் கேளுங்கள். வாங்கிய கையோடு வார்னிஷ் அடிக்கவும் அவசரப்படுத்தாதீர்கள். வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாட்களில் வந்துவிடும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுப்பதே வழக்கம்.

நம் பகுதியில் கடற்காற்றின் ஈரம் எப்போதும் உண்டு. மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாமல் அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போய்வரும். பத்திரம் என்று நினைத்துப் பீரோவில் பூட்டி வைப்பதும் நல்லதில்லை. இருட்டில் எண்ணெய் மஞ்சளாகும். நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள அறையில் மாட்டினால் அந்த மஞ்சள் ஓரளவு தானாகவே குறையும்.

வெள்ளம் நமக்குப் புதிதில்லை. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற படங்களில் பலவற்றைக் கெடுத்தது அதன்பின் பட்ட வெயில். நனைந்த கேன்வாஸை மாடியில் காய வைத்தால் துணி ஒரு பக்கம் சுருங்க, வண்ணம் தனியே கழன்றுவிடும். வெளிச்சட்டத்தை மட்டும் கழற்றுங்கள். கேன்வாஸை இழுத்து அடித்திருக்கும் உள்சட்டத்திலிருந்து பிரிக்காதீர்கள். வண்ணப் பக்கம் மேலே இருக்கும்படி, நிழலில், நாலு செங்கல்லின் மேல் கிடத்தி, காற்றோட்டம் வரச் செய்யுங்கள். மேலே துணியோ செய்தித்தாளோ போட வேண்டாம். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால், தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

சீரமைப்பவரிடம் கொண்டுபோகும்போது படத்தைச் சுருட்டாதீர்கள். இரண்டு பேர் சட்டத்தைப் பிடித்துத் தூக்கி வாருங்கள். தரையில் உதிர்ந்து கிடக்கும் செதில்களைப் பெருக்கித் தள்ளிவிடாமல், எந்தப் பகுதியிலிருந்து விழுந்தவை என்று எழுதிய காகித உறைகளில் தனித்தனியாகப் போட்டு எடுத்து வாருங்கள். அவற்றை மறுபடி ஒட்ட முடியும். நான் புதிதாகத் தீட்டும் வண்ணத்தைவிட அதுவே மேல்.