சூப்பர்வைசர் மேல் புகாரா? வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

கடலூர் சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்த ஒரு அக்கா, சூப்பர்வைசர் தொட்டுத் தொட்டுப் பேசுவதை எச்.ஆரிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் "பாத்துக்கறோம்மா" என்ற பதில்தான். என்னிடம் வந்தபோது நான்காவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் கேட் பாஸ், ஆதார் எல்லாம் இருந்தது, புகார் என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கம்பெனிக்குள்ளேயே புகார் குழு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஆட்கள் 10க்குக் குறைவு, அல்லது புகாரே முதலாளி மேல்தான் என்றால் மாவட்ட உள்ளூர் குழுவுக்குப் போக வேண்டும்.

எச்.ஆரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் அதோடு முடிந்தது என்பார்கள், நம்பாதீர்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அந்த அக்கா எச்.ஆரைப் பார்த்த மூன்று தேதிகளையும் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார், அதையே காரணமாக எழுதினோம்.

"நீ காண்ட்ராக்ட், காண்ட்ராக்டரிடம் போய்க் கேள்" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். காண்ட்ராக்ட், தினக்கூலி, பயிற்சி ஆள் எல்லாருமே இந்தச் சட்டத்தில் ஊழியர்தான். மனு 6 பிரதி, சாட்சிகளின் பெயர், முகவரியோடு. உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள், போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவை மட்டும் நம்பி உட்காராதீர்கள், அது மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது உங்கள் 3 மாதம் கரைந்துவிடும். அப்புறம் எல்லைச் சிக்கல். புதுச்சேரியின் பாகூரில் வீடு, தமிழ்நாட்டின் கடலூரில் வேலை என்று இருப்பவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். உள்ளூர் குழுவுக்குப் போவதென்றால் வேலை செய்யும் இடம் எந்த மாவட்டமோ அங்கேதான். வீடு இருக்கும் ஊரில் கொடுத்துவிட்டு அலையாதீர்கள்.

பிறகு சமரசம் பேச வருவார்கள். நீங்களாகக் கேட்டால்தான் சமரசம், அதிலும் பணம் வாங்கி முடிப்பது செல்லாது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். குழு விசாரணையில் வக்கீல் வாதாட முடியாது, அதற்கென்று யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்த ஆள் கண்ணில் படாமல் இடமாற்றமோ, உங்கள் லீவு போக 3 மாதம் வரை தனி விடுப்போ கேட்கலாம், ஆனால் எழுதிக் கேட்டால்தான். குற்றம் நிரூபணமானால் இழப்பீட்டை சூப்பர்வைசரின் சொந்தச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கச் சொல்லலாம். நிரூபிக்க முடியாமல் போனது ஒன்றுக்காக உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

போலீசிலும் தனியாகப் புகார் தரலாம், பாரதிய நியாய சன்ஹிதா 75ஆவது பிரிவு. ஸ்டேஷனில் "கமிட்டி முடிவு வரட்டும்" என்றால் கிளம்பி வந்துவிடாதீர்கள், மனு ரசீது கேட்டு அங்கேயே உட்காருங்கள்.