மடியில் பால் இருந்தால், கடலில் குட்டி இருக்கிறது

கரை ஒதுங்கிக் கிடப்பது பெண் ஓங்கில் (டால்பின்) என்றால், நான் முதலில் பார்ப்பது வயிற்றின் அடியில் இருக்கும் பால்மடிப்புகளைத்தான். அழுத்தும்போது பால் வந்தால் கடலில் ஒரு குட்டி தாயைத் தேடிக்கொண்டிருக்கிறது. சுற்றி நிற்பவர்களுக்கு அதுவரை "ஒண்ணு செத்துப்போச்சு" என்பதோடு விஷயம் முடிந்திருக்கும். கேரள எல்லையை ஒட்டிய நீரோடி, வள்ளவிளை, பொழியூர்க் கரைகளுக்குப் போகும் கால்நடை மருத்துவராக நான் சொல்ல வருவது இதைத்தான்: ஓங்கிலின் சாவு ஒன்றோடு நிற்பதில்லை.

நம் கரையோரம் வாழும் கூன்முதுகு டால்பின் ஆழம் குறைந்த தண்ணீரை விட்டு அதிகம் விலகாது. நம் வலைகள் இறங்குவதும் அங்கேதான். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் இது. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி, சினைக்காலமே ஏறக்குறைய ஒரு வருடம். பிறந்த குட்டி தாயின் விலாவை ஒட்டியே நீந்தும். தாய் நீந்தும்போது தண்ணீரில் எழும் இழுப்புதான் அந்தச் சின்ன உடம்பையும் கூடவே கொண்டுபோகிறது. தாய் போய்விட்டால் பால் மட்டுமல்ல, அந்த இழுப்பும் போய்விடும்.

அமெரிக்காவின் சாரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் புட்டிமூக்கு டால்பின்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டையும் வடுவையும் வைத்தே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். அங்கே குட்டிகள் பெரும்பாலும் 3 முதல் 6 வருடம் தாயோடு இருக்கின்றன. வளர்ந்த ஆண்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பல வருடம் பிரியாமல் திரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு சீழ்க்கை உண்டு. பிரிந்து 20 வருடத்துக்கு மேல் ஆன பிறகும் பழைய கூட்டாளியின் சீழ்க்கையை அவை அடையாளம் கண்டுகொள்வதை, வளர்ப்பு டால்பின்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நமக்கு இன்னும் பக்கத்தில், கொல்லம் அஷ்டமுடிக் கழிமுகத்தில், கூன்முதுகு டால்பின்கள் மடவை மீன்களை விரட்டிக்கொண்டு வர, தண்ணீரில் நிற்பவர்கள் வீச்சுவலை போடுகிறார்கள். பிரேசிலின் லகூனாவிலும் இதே பழக்கம் உண்டு. அங்கே எல்லா டால்பின்களும் மனிதரோடு சேர்வதில்லை. சேர்பவை தங்களுக்குள்ளும் நெருக்கமாக இருக்கின்றன, குட்டிகள் தாயோடு திரிந்தே அதைப் பழகுகின்றன. இதைப் படித்ததிலிருந்து, இறந்த தாயைப் பார்க்கும்போதெல்லாம், அது குட்டிக்கு என்னென்ன கற்றுக்கொடுக்காமல் போய்விட்டதோ என்ற நினைப்பு வருகிறது.

அப்புறம் வலை விஷயம். தங்கூசி (மெல்லிய நைலான் நரம்பு) வலையில் சிக்கிய ஓங்கில், மூச்சுவிட மேலே வர முடியாமல்தான் சாகிறது. உயிரோடு இருக்கும்போது பார்த்துவிட்டால், தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளையை முதலில் தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள், பிறகு வலையை அறுங்கள். வாலைக் கட்டி வள்ளத்தோடு இழுக்கவே கூடாது. கூட வந்தவை சுற்றிச் சுற்றி வரும். தாக்க வருகின்றன என்று விரட்ட வேண்டாம், அவை தம் துணையை விட்டுப் போகாமல் நிற்கின்றன. என்ஜினை நிறுத்தி வையுங்கள்.

வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில் செத்த ஓங்கிலை இருட்டில் தள்ளிவிடுபவர்களை நான் அறிவேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கும் விலங்கு இது, பயம் புரிகிறது. ஆனாலும் சொல்லுங்கள். பால் இருக்கிறதா, வலைத்தடம் எங்கே, பல்லின் வளையப்படி வயது என்ன என்று உடலைப் பார்த்தால்தான் தெரியும். தமிழ்நாடா கேரளமா என்று குழம்பாமல் அருகில் இருக்கும் வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

தாயும் குட்டியும் உயிரோடு சேர்ந்து ஒதுங்கினால், ஈரத்துணி போர்த்தி, மூச்சுத்துளையை மட்டும் திறந்துவிட்டு, நிழல் கொடுத்து, ஆட்கள் வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குட்டி லேசாக இருக்கிறதே என்று அதை மட்டும் முதலில் கடலில் விட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகத்தான் விட வேண்டும்.