பீலிக்கு மேல் வலை தேவையா?

ஒன்ராறியோவில் செப்டம்பர் பிறந்தால், கூரை விளிம்பில் மழைநீரை ஏந்திச் செல்லும் பீலிகளுக்கு மேல் இலைக்காப்பு வலை பொருத்தித் தருவதாகக் கூறும் விளம்பரத் தாள்கள் கதவிடுக்குகளில் வந்து விழத் தொடங்கும். இனிமேல் பீலியைத் துப்புரவு செய்யவே வேண்டியதில்லை என்பதுதான் அவற்றுட் பலவற்றின் வாக்குறுதி. பௌதிக விதிகளின்படி பார்த்தால் அது நிறைவேறக்கூடிய வாக்குறுதியன்று. மரம் உதிர்ப்பதை எந்த வலையும் நிறுத்தப்போவதில்லை. பீலிக்குள் விழ வேண்டிய குப்பை வலையின் மேல் தங்கும், அவ்வளவே. ஆயினும் சில வீடுகளில் இந்த இடமாற்றமே பெரும் உதவியாகவும், வேறு சில வீடுகளில் வீண் செலவாகவும், இன்னும் சில வீடுகளில் முன்பு இல்லாத தொல்லைக்குத் தொடக்கமாகவும் அமைகிறது. எந்த வீட்டுக்கு எது என்பதைத் தீர்மானிப்பதற்கு நீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

பீலி கையாளும் நீரின் அளவிலிருந்து தொடங்கலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். 2024 யூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை பதிவானது. 50 சதுர மீற்றர் அளவுள்ள ஒரேயொரு கூரைச்சரிவின் மீது அதே மழை பெய்திருந்தால், ஏறத்தாழ ஐந்து தொன் நீர் ஒரே பீலிக்கு வந்திருக்கும். பீலி அடைத்திருக்குமானால் அவ்வளவும் வீட்டுச் சுவரையொட்டி விழும். அத்திவாரத்துக்காகத் தோண்டிய குழியைச் சுவர் எழுந்தபின் மண்ணிட்டு நிரப்பியிருப்பார்கள். அம்மண் அதைச் சுற்றியுள்ள அசையாத களிமண்ணைவிடத் தளர்வானது. ஆகவே சுவரோரம் விழும் நீர் அந்தத் தளர்ந்த மண்ணுக்குள் எளிதாக இறங்கி, வெளியேற வழியின்றிச் சுவரை அழுத்தி, வெடிப்புக் கண்ட இடத்தில் நிலவறைக்குள் கசிகிறது. உறையும்போது நீரின் கனவளவு சுமார் 9 சதவீதம் கூடுவதால், குளிர்காலம் அந்த வெடிப்பை மேலும் அகட்டிவிடுகிறது. பீலி என்பது அழகுக்காக மாட்டிய தகடன்று, நிலவறையின் காவல் என்று சொன்னால் மிகையாகாது. ரொறன்ரோ மாநகரம் கூரை நீர்க் குழாய்களைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து துண்டிக்கும் கட்டாய விதியைப் படிப்படியாகக் கொண்டுவந்து, 2016இன் இறுதியில் நகரம் முழுமைக்கும் விரித்துவிட்டது; எனவே அந்நீரைச் சுவரிலிருந்து விலக்கிப் புற்றரைக்கு எடுத்துச்செல்வது இன்று வீட்டுக்காரரின் பொறுப்பாகும்.

அடைப்பு எங்கே உண்டாகிறது என்பது அடுத்த கேள்வி. பீலி முழுவதும் இலை நிரம்பி நீர் வழிவது அரிது. வழக்கமாகப் பீலிக்கு மூன்று மீற்றருக்கு ஆறு மில்லிமீற்றர் என்ற அளவிலேயே சாய்வு கொடுக்கப்படும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது கிடையாகவே தெரியும். அத்தனை சிறிய சாய்வில் நீர் மெதுவாகவே நகரும் என்பதால், அது இலைகளைத் தள்ளிக்கொண்டு போய் இறங்குகுழாயின் வாயில் சேர்த்துவிட்டு, அவற்றைக் குழாய்க்குள் இழுத்துச்செல்லும் வலுவின்றித் தேங்கிவிடுகிறது. நனைந்த மேப்பிள் இலைகள் நான்கைந்து அந்த வாயில் படிந்தால் போதும். இரண்டுக்கு மூன்று அங்குலக் குழாயை மூன்றுக்கு நான்கு அங்குலக் குழாயாக மாற்றினால் வாயின் பரப்பு இரு மடங்காகிறது. முன்பு சிக்கிய குப்பையில் பெரும்பங்கு இப்போது நீரோடு இறங்கிவிடும். இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு வலைக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான். அப்படியிருந்தும் விற்பனையாளர் எவரும் இதை முதலில் சொல்வதில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம்.

இலையைத் தவிர இன்னொரு பொருளும் பீலியில் சேர்கிறது. இங்குள்ள கூரைகளிற் பெரும்பாலானவை தார் ஓடுகளால் வேயப்பட்டவை. அவற்றின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சிறு கல் துகள்கள் ஆண்டுதோறும் கொஞ்சங் கொஞ்சமாக உதிர்ந்து, பீலியின் அடியில் மணலாகப் படிகின்றன. அந்த மணலில் மேப்பிள் விதை விழுந்து முளைத்து நிற்பதைத் தெருவிலிருந்தே காணலாம்.

இனி வலைக்கு வருவோம். வலையின் துளை பெரிதாக இருந்தால் குப்பை உள்ளே போகும், சிறிதாக இருந்தால் போகாது என்று மட்டுமே பலர் எண்ணுகிறார்கள். நீரும் உள்ளே போக வேண்டுமே என்பது எவருக்கும் உடனே தோன்றுவதில்லை. ஒரு துளையினூடாக நீர் இறங்க வேண்டுமானால், துளையின் அடியில் சிறு துளியாகப் புடைத்துத் தொங்கும் நீரை விழாமல் பிடித்துவைக்கும் மேற்பரப்பிழுவிசையை மேலே நிற்கும் நீரின் எடை வெல்ல வேண்டும். அதற்கு வேண்டிய நீரின் உயரம் துளையின் விட்டத்துக்கு நேர்மாறானது: ஐந்து மில்லிமீற்றர்த் துளைக்கு ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் உயரம் போதும், ஒரு மில்லிமீற்றர்த் துளைக்கு மூன்று சென்ரிமீற்றர் தேவை, 0.4 மில்லிமீற்றர்த் துளைக்கோ ஏழு சென்ரிமீற்றருக்கு மேல் தேவை. சாய்ந்து கிடக்கும் வலையின்மேல் ஏழு சென்ரிமீற்றர் நீர் தேங்கி நிற்க வழியில்லை. இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் நுண்வலை எதுவும் வேலை செய்யவே கூடாது.

ஆனாலும் அது வேலை செய்கிறது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் அடியில் தொங்கும் துளிகள், வலைக்கம்பிகள் நன்றாக நனைந்திருக்கும்போது ஒன்றோடொன்று கலந்து பெருந்துளியாகி, தம் எடையாலேயே கீழே விழுந்துவிடுகின்றன. விழும்போது மேலுள்ள நீரையும் இழுத்துக்கொள்கின்றன. ஆகவே நுண்வலையின் வெற்றி தோல்வியைத் துளையின் அளவைக் காட்டிலும் அதன் அடிப்புறம் நனைகிறதா என்பதே முடிவு செய்கிறது. தரமான வலைகளில் நெளிவுகள் வைத்திருப்பதும், வலையின் அடியைத் தொட்டபடி உலோகத் தாங்கிகள் அமைத்திருப்பதும் இதற்காகவே: நெளிவின் பள்ளத்தில் நீர் தயங்கி நிற்கிறது, தாங்கி அதைத் தொட்டுக் கீழே வழிநடத்துகிறது. நாளடைவில் பைன் மகரந்தமும் தூசும் எண்ணெய்ப்பசையும் கம்பிகளின் மேல் படியும்போது கம்பி நனைய மறுக்கிறது. நீர் உருண்டு திரண்டு, வலையைத் தாண்டி வெளியே பாய்கிறது. புதிதாகப் பொருத்திய வலை முதல் ஆண்டு சிறப்பாக உழைத்துவிட்டு மூன்றாம் நான்காம் ஆண்டில் சோர்ந்துபோவதற்கு இது முக்கியமான காரணம். குப்பை எதுவும் கண்ணுக்குத் தெரியாமலிருக்கும்போதே நீர் தாண்டிப் பாய்வதால், வீட்டுக்காரர் காரணம் புரியாமல் திகைக்கிறார். மென்மையான தூரிகையாலும் சவர்க்கார நீராலும் தேய்த்துக் கழுவினால் வலை பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் அதற்கு ஏணி வேண்டும்.

வலைக்குப் பதிலாக, முன்விளிம்பு வளைந்த தகட்டினால் பீலியை மூடும் முறையும் உண்டு. தேநீர்க் கேத்திலை மெதுவாகச் சரித்து ஊற்றினால், தேநீர் கோப்பையில் விழாமல் மூக்கின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு மேசையில் வழிகிறதல்லவா? தகடு நம்பியிருப்பதும் அதே இயல்பைத்தான். கூரையிலிருந்து வரும் மெல்லிய நீர்ப்படலம் வளைவைப் பற்றிக்கொண்டு திரும்பி, அடியிலுள்ள குறுகிய பிளவுக்குள் நுழைகிறது. இலை திரும்ப முடியாமல் நேரே போய் விழுகிறது. நீரின் வேகம் இரட்டிப்பானால் அதனை வளைவில் பிடித்துவைக்க நான்கு மடங்கு விசை வேண்டும் என்பதில்தான் இதன் குறை இருக்கிறது. கேத்திலைச் சட்டென்று சாய்த்தால் தேநீர் ஒழுங்காகக் கோப்பையில் விழுவதைப்போல, செங்குத்தான கூரையில் பெருமழை பெய்யும்போது நீர் வளைவை விட்டுப் பறந்துபோய்விடும். பீலி மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில் இவ்வமைப்பு கைவிடுகிறது என்பதால், செங்குத்துக் கூரைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த முறையானாலும், இரு கூரைச்சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மடிப்பின் கீழே தனிக் கவனம் வேண்டும். இரண்டு சரிவுகளின் நீரும் அங்கே ஒரே தாரையாகத் திரண்டு இறங்குவதால், கூரையின் மற்ற ஓரங்களில் தடையின்றி வேலை செய்யும் வலைகூட அந்த ஒரு மூலையில் தோற்றுவிடும். பீலிக்குள் செருகும் நுரைப்பஞ்சுத் துண்டுகளையும் மயிர்த்தூரிகைகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை மலிவானவை, விதையும் ஊசியிலையும் அவற்றுக்குள் சிக்கினால் பிரித்தெடுப்பது வெறும் பீலியைத் துப்புரவு செய்வதைவிடக் கடினம்.

மரத்தைப் பொறுத்தவரை, உயர்ந்த மரம் எதுவும் கூரைக்கு மேல் கவியாத புதிய குடியிருப்புகளில் வலைக்கு அவசியமே இல்லை. நோர்வே மேப்பிளின் அகன்ற இலைகள் எந்த வலையின் மேலும் தங்கிக் காய்ந்து, பெரும்பாலும் காற்றிலேயே பறந்துபோகும். வலையினால் முழுப் பயனும் கிடைப்பது இத்தகைய இடங்களில்தான். அதன் விதைகள் இலையுதிர்காலத்திலும் வெள்ளி மேப்பிளின் விதைகள் வசந்தத்தின் இறுதியிலும் விழுவதால், இரண்டும் நிற்கும் தெருவில் ஆண்டுக்கு இருமுறை தொல்லை உண்டு. பெரிய துளைகளில் அந்த விதைகள் தலைகீழாகக் குத்தி நின்றுவிடும். ஒன்ராறியோவின் மாகாண மரமான வெண்பைன் இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான சோதனை. ஐந்தைந்தாகக் கொத்தாயிருக்கும் அதன் ஊசியிலைகள் ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லியவை. பெருந்துளை வலைக்குள் நுழைந்து பாதியில் சிக்கி, பின்னால் வருபவற்றுக்கும் பிடிமானமாகின்றன. பைன் மரத்தடியில் நுண்வலையைத் தவிர வேறெதையும் பொருத்துவதில் பயனில்லை, அந்த நுண்வலையையும் ஆண்டுதோறும் பெருக்கத்தான் வேண்டும்.

குளிர்காலத்தைப் பற்றி விற்பனைத் தாள்கள் சொல்வதில் பெரும் தவறு ஒன்று உண்டு. கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைபோல் திரள்வதை வலை தடுக்கும் என்கிறார்கள். வீட்டின் வெப்பம் கூரைக்கு அடியிலுள்ள பரண்வெளிக்குக் கசிந்து, கூரையின் மேற்பகுதியிலுள்ள பனியை உருக்குகிறது. உருகிய நீர், அடியில் வெப்பமற்ற விளிம்புக்கு வந்ததும் மீண்டும் உறைகிறது. பீலி சுத்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். இதற்கு மருந்து பரண்வெளியின் வெப்பக்காப்பும் காற்றோட்டமும் ஆகும். வலையின் மெல்லிய கம்பிகள் விரைவாகக் குளிர்வதால், உருகுநீர் அவற்றின் மேலேயே உறைந்து துளைகளை மூடி, அதன்பின் வரும் நீரை முன்பக்கமாக வழியவிடுகிறது. நடைபாதைக்கு மேலே பீலி ஓடும் வீடுகளில் அந்த நீர் படியில் கண்ணாடிபோல் உறைவதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நுளம்பும் கணக்கில் வருகிறது. மேற்கு நைல் வைரசைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்புகள், அழுகிய இலை ஊறிய தேங்குநீரை விரும்பி முட்டையிடுபவை. இடைவெளியின்றிப் பொருத்திய நுண்வலை அவற்றை உள்ளே விடாது. ஆனால் பீலியின் சாய்வு தவறியதால் நீர் தேங்குகிறது என்றால் முதலில் சாய்வைத் திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் மூடினால் தேங்குநீர் கண்ணுக்கு மறைவது மட்டுமே நடக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கலிபோர்னியாவிலும் காட்டுத்தீயின்போது பறந்துவரும் தீப்பொறிகள் பீலியிலுள்ள சருகைப் பற்றவைப்பதால், அங்கே கேள்வியே வேறு: உலோக வலை அங்கு பாதுகாப்பு, பிளாஸ்ரிக் வலை எரிபொருள்.

பணக் கணக்கைப் பார்க்கும்போது பலர் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். பேச்சுக்கு, ஒருமுறை துப்புரவுக்கு 200 டொலர் வீதம் ஆண்டுக்கு இருமுறை செலவாகிறது, வலைக்கு 3,600 டொலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். வலையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெருக்க அதே 200 டொலர் ஆகுமென்பதைச் சேர்த்தால், அது பதினெட்டு ஆண்டுகளாகிறது. எனினும் ஏணியிலிருந்து விழுவதன் விலையை எவரும் இந்தக் கணக்கில் எழுதுவதில்லை. வயதான பெற்றோர் தனியே வாழும் இரண்டு மாடி வீட்டில், ஏணி ஏறும் தடவைகளைப் பாதியாகக் குறைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வலை போடுவதில் தவறில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பெருமழை ஒன்றில் குடையோடு வெளியே நின்று, நீர் எந்த இடத்தில் வழிகிறது என்று பார்ப்பது நல்லது. இறங்குகுழாய்க்கு அருகில் மட்டும் வழிந்தால் குழாயைப் பெரிதாக்கவும். பீலியின் நடுவில் வழிந்தால் சாய்வையும் தாங்கு கொளுக்கிகளையும் சரிபார்க்கவும். நீர் நிரம்பிய பீலி பெருஞ்சுமை என்பதால் கொளுக்கி தளர்வது வழக்கம். இவை சரியாக இருந்தும், ஆண்டுக்கு மும்முறை இலை அள்ள வேண்டியிருந்தால், அப்போது வலை வாங்கலாம். துண்டு துண்டாகக் கழற்றக்கூடியதாகவும், தார் ஓட்டைக் கிளப்பி அடியில் செருகாமல் பீலியின் விளிம்பிலும் பின்பலகையிலும் திருகாணியால் பொருத்தக்கூடியதாகவும் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் என்றோ ஒருநாள் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.