கன்டெய்னருக்குள் கடிகாரத்தைத் திருத்தப் போகாதீர்கள்

சுங்கை சிப்பூட் சுற்றுவட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குக் கணினி வேலை பார்க்கிறேன். கிராணிகளிடமிருந்து (தோட்ட அலுவலக எழுத்தர்கள்) அடிக்கடி வரும் புகார் இது: "அண்ணே, லோரி கேட்டுக்குள்ள வந்ததுக்கு முன்னாலேயே எடை போட்ட மாதிரி சீட்டு வருது."

இதை அலட்சியப்படுத்தக் கூடாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அடிபட்ட பழத்தில் நொதி வேலை செய்து கொழுப்பு அமிலம் ஏறும். ஆவியில் அவித்த பிறகுதான் அது அடங்கும். தாமதம் தோட்டத்திலா, லோரியிலா, ஆலையிலா என்று வழக்கு வந்தால் எடைச்சீட்டில் இருக்கும் நேரம்தான் சாட்சி. சிறுதோட்டக்காரருக்கு அது கைக்கு வரும் காசு.

சீட்டில் நேரம் போடுவது கணினியின் கடிகாரம். எடை மென்பொருள் பெரும்பாலும் லினக்ஸ் கன்டெய்னரில், அதாவது கணினிக்குள்ளேயே பிரித்து வைத்த தனி அறை போன்ற இடத்தில், ஓடுகிறது. பார்க்க வருபவர் அதற்குள் நுழைகிறார், கணினிக் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒத்துவைக்கும் குரோனி சேவை நின்றிருப்பதைப் பார்க்கிறார். கையால் ஓட்டிப் பார்த்தால் 'அனுமதி இல்லை' என்று வருகிறது. உடனே கன்டெய்னருக்கு முழு அதிகாரத்தையும் திறந்துவிடுகிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கன்டெய்னருக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. கன்டெய்னர்களைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) வைத்திருக்கும் ஒரே கடிகாரத்தைத்தான் எல்லாக் கன்டெய்னர்களும் பார்க்கின்றன. 2020இல் வந்த லினக்ஸ் 5.6 நேரத்துக்கென ஒரு நேம்ஸ்பேஸ் (கன்டெய்னருக்குத் தனிக் கணக்கு தரும் பிரிப்பு) கொண்டுவந்தது உண்மைதான், ஆனால் அது கணினி துவங்கியதிலிருந்து ஓடும் கணக்குகளுக்கு மட்டும். நாம் பார்க்கும் தேதி, மணிக்கு அல்ல. அதனால்தான் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரும் எல்எக்ஸ்சியும் நேரத்தை மாற்றும் அதிகாரத்தை முதலிலேயே எடுத்துவிடுகின்றன. அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் குரோனி நின்றிருப்பது பழுதே அல்ல. மீறித் திறந்துவிட்டால் ஹோஸ்டின் சேவையும் கன்டெய்னரின் சேவையும் ஒரே கடிகாரத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். அதோடு, ஒரு கடிகாரத்துக்காக மொத்த சர்வரையே திறந்து வைத்ததாகிவிடும்.

சரி, எங்கே பார்ப்பது? ஹோஸ்டில். 'குரோனிசி சோர்சஸ்' கட்டளை போட்டு 'ரீச்' பத்தியைப் பாருங்கள். 377 என்றால் நேர சர்வரிடம் கேட்ட கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. 0 என்றால் ஒன்றுமே திரும்பவில்லை; முதலில் வலையமைப்புக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். தோட்ட அலுவலகத்தில் "இன்டர்நெட் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். இணையப் பக்கம் திறப்பது வேறு, நேரம் கேட்கும் யூடிபி 123 போர்ட் (இணைப்பு வாசல்) வேறு. எல்லாக் கணினிகளுக்கும் அந்தப் போர்ட்டைத் திறக்க மாட்டோம் என்றால், உள் வலையமைப்பில் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் திறந்து, மற்றவை அதனிடம் கேட்கும்படி செய்யலாம்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் குரோனி மெதுவாகத்தான் சரிசெய்யும். 'மேக்ஸ்டெப்' கட்டளை ஒரே தாவலில் சரிசெய்யும், ஆனால் எடை மென்பொருளை நிறுத்திவிட்டு, மேடையில் லோரி இல்லாத நேரத்தில் போடுங்கள்.

சரியாக 8 மணி நேரம் பின்தங்கியிருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். கன்டெய்னர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது, அவ்வளவுதான். நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று மாற்றினால் போதும். கணக்கில் எட்டைக் கையால் கூட்டாதீர்கள். தீபகற்பத்தில் 1981 கடைசி வரை யூடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால், பழைய பதிவுகளில் அது இடிக்கும்.

கன்டெய்னருக்குள் குரோனி ஓடியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே சிறிய எழுத்து 'எக்ஸ்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். கடிகாரத்தைத் தொடாமல் வேலை செய்யும்.