தானே மேடாகும் சேறு

ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் கலங்கலாகத்தான் ஓடும். அதில் மிதக்கும் களிமண் துகள் ஒன்றின் குறுக்களவு 0.002 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அசையாத தண்ணீரில்கூட அது ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கடலோ பெரும்பாலான கரைகளில் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிடுகிறது. அப்புறம் எப்படி, கடல் ஏறும்போது மூழ்கும் கரையோர உப்புச் சதுப்பில் இவ்வளவு சேறு சேர்கிறது?

பாதி வேலை உப்புடையது. நன்னீரில் துகள்கள் ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். உப்புநீரில் அந்தத் தள்ளல் அடங்கிவிடும்; பால் திரிவதுபோல் திரளும், சீக்கிரம் இறங்கும்.

மீதி வேலை செடியுடையது. உமரியும் ஸ்பார்ட்டினா புல்லும் அடர்ந்த இடத்தில் ஓதநீர், அதாவது ஏறிவரும் கடல்நீர், புகுந்ததும் தண்டுகளில் மோதி வேகம் இழக்கிறது. விழுந்த சேறு மறுபடி எளிதில் கிளம்புவதில்லை. தண்ணீர் வற்றியதும் ஒரு புல் தண்டை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், வழவழவென்று சேறு கையோடு வரும். அடுத்த மழையில் அதுவும் தரைக்குத்தான் போகும். காற்றுப் புகாத மண்ணில் செத்த வேர்கள் மக்கவும் நாளாகும். அவையும் தரையை உயர்த்துகின்றன.

இதை அளக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. சதுப்பில் ஒரு சதுரத்தில் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமப் பொடியைத் தூவிவிட்டு வந்துவிடுவார்கள். ஓரிரு ஆண்டு கழித்துச் சேற்றைக் கத்தியால் வெட்டி எடுத்தால் நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் புது வரவு.

சரி, இப்படியே போனால் சதுப்பு மலையாகிவிடாதா? ஆகாது. தரை உயர உயர ஓதம் அங்கே ஏறுவது குறையும், வண்டலும் குறையும். கடல்மட்டம் உயர்ந்தால் கதை திரும்பும்: அடிக்கடி மூழ்கும், அதிகச் சேறு கிடைக்கும். 1993 முதல் கடல்மட்டம் சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ.க்குச் சற்று மேல் உயர்ந்திருக்கிறது. வண்டல் தாராளமாக வரும் சதுப்புகள் இதற்கு ஈடுகொடுக்கின்றன. அணை கட்டி ஆற்று வண்டலை மேலேயே நிறுத்திவிட்டால் புல் எதைப் பிடிக்கும்?

பிடிக்கும் திறமையே வினையானதும் உண்டு. கரையைக் காக்கவென்று 1979இல் சீனா அமெரிக்க ஸ்பார்ட்டினாவைக் கொண்டுவந்து நட்டது. அது சொன்ன வேலையைச் செய்ததோடு, கரைப்பறவைகள் இரை தேடும் வெறும் சேற்றுவெளியையும் மூடிவிட்டது. இப்போது அதே புல்லை அங்கே அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.