பம்பு, வால்வு ஏற்றுமதி: ஸ்கோமெட் அனுமதியில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

அணு ஆயுதம் செய்யும் நாட்டைப் பக்கத்து நாடுகள் நெருக்கத்தான் வேண்டும். ஆனால் பேச்சு மட்டும் போதாது. வட கொரியாவோடு சீனாவும் ஜப்பானும் தென் கொரியாவும் 2003 முதல் உட்கார்ந்து பேசின. 2006இல் வட கொரியா அணுகுண்டை வெடித்துக் காட்டிவிட்டது. பாகங்கள் போய்ச் சேராமல் தடுப்பதுதான் உறைக்கும். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலில், யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் எந்திரத்தின் பாகங்கள் பிடிபட்டன. கடைந்தது மலேசியப் பட்டறை ஒன்று, ஆர்டர் வந்தது துபாய் வழியாக. எண்ணெய், எரிவாயு வேலைக்கு என்றே நினைத்தோம் என்றது பட்டறை. லிபியா அந்த டிசம்பரிலேயே அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது.

கோவையில் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் பம்பு, வால்வு கடைபவர்களுக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல. இங்கே அதைத் தடுப்பது ஸ்கோமெட் (SCOMET): ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களை அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு வைத்திருக்கும் பட்டியல்.

முதல் பொறி எச்.எஸ். கோடு, அதாவது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண். வால்வுக்கு அது 8481. "8481தானுங்க, ஃப்ரீ ஐட்டம், ஒண்ணும் வேண்டாமுங்க" என்பார் ஷிப்பிங் ஏஜென்ட். அதை நம்பாதீர்கள். ஸ்கோமெட் பார்ப்பது அளவையும் உலோகத்தையும். பெல்லோஸ் சீல் (கசிவைத் தடுக்கும் மடிப்புக் குழாய்) வைத்து, அலுமினியத்திலோ 60 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள கலவையிலோ செய்த வால்வு 5 மி.மீ. அளவிலேயே அணு சார்ந்த பட்டியலில் சிக்கும். டெஃப்ளான் லைனிங் போட்ட, சீல் இல்லாத மேக்னெடிக் டிரைவ் (காந்தத்தால் சுழலும்) பம்பு மணிக்கு 600 லிட்டருக்கு மேல் தள்ளினால் ரசாயனம் கையாளும் கருவிகளின் பிரிவில் வரும். தோட்டத்துக் கிணற்றுக்குப் போடும் வார்ப்பிரும்பு பம்புக்கு இந்தக் கவலை இல்லை. பட்டியலில் இல்லாத சரக்கானாலும், ஆயுத வேலைக்குப் போகிறது என்று சந்தேகப்பட இடமிருந்தால் அனுமதி வேண்டும். பட்டியலிலுள்ள பொருளின் டிராயிங்கை மெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான்.

அடுத்தது அலைச்சல். அனுமதி தரும் டிஜிஎஃப்டியின் (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) கோவை அலுவலகத்தில் போய் நின்று பயனில்லை. விண்ணப்பம் ஆன்லைனில் டெல்லிக்குப் போய், பல அமைச்சகங்கள் சேர்ந்த குழுவின் முன் நிற்கும். ஒரு அமைச்சகம் பதில் போடத் தாமதித்தாலும் ஃபைல் தேங்கலாம். அந்தத் தாமதத்துக்கு, சரக்கு வாங்குபவரிடம் அபராதம் கட்டுவது பட்டறைக்காரர். இது அநியாயம். அதனால் டெலிவரி தேதியை 'அனுமதி கிடைத்த நாளிலிருந்து' என்றே பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் வந்துவிட்டதே என்று வார்ப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் திரும்புவது பெரும்பாலும் இறுதிப் பயனாளர் சான்றிதழால், அதாவது சரக்கை யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று எழுதித் தரும் காகிதத்தால். வாங்குபவர், இடைத்தரகர், சரக்கைப் பெறுபவர், கடைசியில் பயன்படுத்துபவர் எல்லோரிடமும், அவரவர் லெட்டர்ஹெட்டில் வாங்க வேண்டும். ஆர்டரில் 40 வால்வு, சான்றிதழில் 45 என்றிருந்தால் திரும்பிவிடும். 'இண்டஸ்ட்ரியல் யூஸ்' என்று மொட்டையாக எழுதினாலும் கேள்வி வரும். எந்த ஆலை, எந்த லைன், என்ன திரவம் என்று எழுதச் சொல்லுங்கள். துபாய் வியாபாரி கடைசி ஆளின் பெயரைச் சொல்ல மறுத்தால் அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள்.

சாம்பிளானாலும், ரிப்பேர் செய்து திருப்பி அனுப்பும் சரக்கானாலும் அனுமதி வேண்டும். காகிதங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தெரியாமல் அனுப்பிவிட்டால், பிடிபடும்வரை காத்திருக்காமல் டெல்லிக்கு நீங்களே முதலில் எழுதித் தெரிவியுங்கள்.