கண்மாய் விராலும் ஜாம்பேசி ஆறும்

மழை ஓய்ந்து பனி இறங்குகிற மார்கழி, தை மாதங்களில் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் கண்மாய் ஏலம் எடுத்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "விரால் உடம்புல செவப்பாப் புண்ணு வருது சார், என்ன மருந்து போடலாம்?" கேட்பதற்கு முன்பே ஏதோ ஒரு பவுடரைக் கொட்டியிருப்பார்கள், அது வேறு விஷயம்.

பெரும்பாலும் அது ஈயுஎஸ் என்கிற புண் நோயாக இருக்கும். அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற, பூஞ்சை மாதிரியான ஒரு நுண்ணுயிர் சதைக்குள் ஊடுருவுகிறது. குளிர்ந்த தண்ணீர் அதற்கு வசதி. விரால், கெண்டை வகைகளில் பல மாட்டிக்கொள்ளும், ஜிலேபி தப்பித்துவிடும். பெரிய கண்மாயில் பரவிய பிறகு மருந்தால் தீர்க்க முடியாது.

இந்த நோய் 1971இல் ஜப்பானிலும் 1972இல் ஆஸ்திரேலியாவிலும் தெரியவந்தது. தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி 1988இல் இந்தியாவின் வடகிழக்கை எட்டியது. பிறகு ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் மீன்கள் புண்ணோடு பிடிபட்டபோது, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2007இல் பன்னாட்டு நிபுணர் குழுவை அனுப்பியது. ஆசியா பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அங்கே கைகொடுத்தது. பாரிஸிலுள்ள உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் இது, வந்தால் நாடுகள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டிய நோய். இந்தியாவில் 2013 முதல் நீர்வாழ் உயிரின நோய்களுக்குத் தேசியக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது.

ஆனால் பாரிஸுக்குப் போகிற தகவல் ஏதோ ஒரு கரையில்தான் தொடங்க வேண்டும். நம் பக்கம் அது கரையிலேயே நின்றுவிடுகிறது. சொன்னால் மீன் விலை போகாது என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கும், பாம்பாறு வழியாகப் பாக் நீரிணைக்கும் தண்ணீர் போகிறது. முகத்துவாரத்து மடவை மீனுக்கும் இந்தப் புண் வரும்.

புண் கண்டால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். செத்து ஊதிய மீன் சோதனைக்கு உதவாது. உயிரோடிருக்கும் நோயுற்ற மீனை ஐஸில் வைத்து உடனே கொடுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். அப்புறம், மீன்பிடித் திருவிழாவில் ஊர் ஊராகப் போகும் ஊத்தாக் கூடையையும் வலையையும் ஒவ்வொரு கண்மாய்க்குப் பின்னும் வெயிலில் மொறமொறவென்று காயவையுங்கள். குஞ்சு விடும் முன் தண்ணீரின் காரத்தன்மையைப் பார்த்துச் சுண்ணாம்பு இடுவதும் நல்லது.

மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் புண்ணில் வேறு பாக்டீரியாக்கள் சேர்ந்திருக்கும் என்பதால் அந்த மீனைக் குழம்புக்கு எடுக்க வேண்டாம். சுண்ணாம்பு தூவி, தண்ணீருக்கு எட்டாத இடத்தில் ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள்.